ஷ்யாமளா பின்னின ஸ்வெட்டர்

ஐப்பசி பாதி கழிந்த ஒரு மத்தியானம், ருக்கு எழுபத்திரண்டாவது சதுரத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலாம் வருஷம். மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்கு அடுத்த தெருவில், இரண்டாவது மாடி. சமையலறைக்கும் பின்பக்கத்து பால்கனிக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்கு இடம் இருந்தது. அண்ணா பஞ்சாபகேசனின் வீட்டில் அவளுக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் அதுதான்.

ருக்குவுக்கு முப்பத்து மூன்று வயது. புருஷன் சந்திரமௌலி ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தாவாக ரங்கூனுக்குப் போனான். 'வீடு பார்த்ததும் அழைத்துக்கொள்கிறேன்' என்று மூன்று கடிதம் எழுதினான். நாலாவது வரவில்லை. பிறகு ஜப்பான்காரன் குண்டு போட்டான். ரங்கூனில் இருந்தவர்களில் சிலர் கப்பலில் வந்தார்கள், சிலர் அஸ்ஸாம் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள். மாட்டுங்காவிலேயே அப்படித் திரும்பினவர்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் சந்திரமௌலியைப் பற்றித் தெரியவில்லை. செத்தான் என்று சொல்லவும் ஆள் இல்லை. அதனால் ருக்குவின் நெற்றியில் குங்குமம் இருந்தது. ஆனால் நவராத்திரியில் வெற்றிலை பாக்குக்கு அவளை யாரும் கூப்பிடுவதில்லை.

நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசியை அவள் பிடித்தது மாதர் சங்கத்தில். பட்டாளத்துக்காரர்களுக்குக் காலுறையும் மப்ளரும் பின்ன ஆள் வேண்டுமென்று சங்கத்தின் காரியதரிசி சுப்புலக்ஷ்மி மாமி வீடு வீடாக வந்தபோது, "இவ சும்மாதான் இருக்கா, அழைச்சுண்டு போங்கோ" என்று மன்னி விஜயலக்ஷ்மி அனுப்பிவைத்தாள். போகத் தொடங்கின ஒரே மாதத்தில் மாமிக்கே தெரியாத பின்னல்கள் ருக்குவின் விரலுக்கு வந்துவிட்டன. காக்கி நூலைத் தொட்டுத் தொட்டு அலுத்துப்போய், ஒரு நாள் ஒரு துண்டு சிவப்பு நூலில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு சதுரம் பின்னினாள். அதை மாமி கையில் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"ருக்கு, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. தை மாசம் சங்கத்துல கைவேலை கிளாஸ் ஆரம்பிக்கறோம். ஒரு டீச்சர் வேணும். சம்பளம் உண்டு, பின்னாடி இருக்கற ரூமும் உண்டு. மார்கழில எக்ஸிபிஷன் வெக்கறோம், அதுல யார் கை நன்னா இருக்கோ அவாளை எடுக்கறதுன்னு கமிட்டி சொல்லிடுத்து. பெரிசா ஒண்ணு பண்ணிக் கொண்டு வா. வாயால சொன்னா கமிட்டிக்கு ஏறாது. கண்ணால பாக்கணும்."

அன்று தொடங்கினது. யுத்த காலத்தில் வண்ணக் கம்பளி நூலுக்கு எங்கே போவது? ஷ்யாமளா குழந்தையாக இருந்தபோது போட்ட சிவப்புக் குல்லாயைப் பிரித்தாள். பூச்சி அரித்த அண்ணாவின் பச்சை மப்ளரைக் கேட்டு வாங்கினாள். கீழ்வீட்டுப் பார்ஸிக் கிழவி, தேநீர்க் கெட்டிலுக்குப் போட்டிருந்த மஞ்சள் உறையைக் கழற்றிக் கொடுத்தாள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவள் தெருவில் வந்தபோது, தன்னுடைய சுங்கடிப் புடவையைக் கொடுத்துவிட்டு, பாத்திரம் வேண்டாம், உன் மூட்டையில் இருக்கிற அந்த ஓட்டைக் கறுப்பு ஸ்வெட்டரைக் கொடு என்றாள். "பாகல் ஹை க்யா, பாயி?" என்று, பைத்தியமா நீ என்கிற மாதிரி அவள் சிரித்துக்கொண்டே தூக்கிப் போட்டுவிட்டுப் போனாள். வெள்ளை நூலைக் காப்பி டிகாக்ஷனில் முக்கி, பாக்கு நிறத்துக்குக் கொண்டுவந்தாள். பிரித்த நூல் எல்லாம் சுருள் சுருளாக நிற்கும். நனைத்து, நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு நாளில் நிமிரும். பால்கனிக் கம்பியில் அப்படி எந்நேரமும் ஏதாவது ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். "ஆத்துக்குள்ள தூக்குமரம் மாதிரி" என்பாள் மன்னி.

நடுவில் ஒரு நிறம், சுற்றி ஒரு நிறம், அதைச் சுற்றி ஒன்று, கடைசி வரி எப்போதும் கறுப்பு. எட்டு மாதத்தில் எழுபத்திரண்டு சதுரம். முன்னால் ஐந்து பொத்தான். அளவுக்கு ஷ்யாமளாவை நிறுத்தித்தான் பார்த்தாள். அண்ணாவின் ஒரே பெண் ஷ்யாமளா, பதினேழு வயது, ராத்திரி அத்தையின் பாயில்தான் வந்து படுத்துக்கொள்வாள். "எனக்கே குடுத்துடுங்கோளேன் அத்தை" என்று கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"எக்ஸிபிஷன் முடியட்டும். அப்புறம் நீயே எடுத்துக்கோ" என்றாள் ருக்கு.

அதற்குப் பத்து நாள் கழித்து, தாதரிலிருந்து தர்மாம்பாள் பெண் பார்க்க வந்தாள். பிள்ளை கிட்டு டில்லியில் செக்ரடேரியட்டில் வேலை. கூட யாரும் வரவில்லை. அவள் ஒருத்தி பார்த்தால் போதும் என்கிற மாதிரிக் குடும்பம். "நீ கொஞ்சம் உள்ளேயே இரு" என்று மன்னி சொல்லிவிட்டுப் போனாள். ருக்கு அதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டு, கதவிடுக்கால் வருகிற பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாட்டு ஆயிற்று. சமையல் கேள்வி ஆயிற்று.

"கைவேலை ஏதாவது?" என்றாள் தர்மாம்பாள். "டில்லில சாயங்காலம் ஆனா கதவைச் சாத்திண்டு உக்காந்துக்கணும். கை சும்மா இருந்தா மனசு கெட்டுப் போயிடும்."

மன்னி அவசரமாக உள்ளே வந்தாள். ருக்குவை அவள் பார்க்கவே இல்லை. பாய்க்குத் தலைமாட்டில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து, மேலாக இருந்த ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு போனாள்.

"இதோ. எங்க ஷ்யாமளா பின்னினது."

ருக்கு மாவுக் கையோடு எழுந்து நின்றாள். கதவு வரை போனாள். கூடத்தில் தர்மாம்பாள் ஸ்வெட்டரை மடியில் போட்டு, முன்பக்கத்தைப் பார்க்காமல் முதலில் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தாள். விஷயம் தெரிந்தவள். "ஒரு முடிச்சுக்கூடத் தெரியலையே" என்றாள். ஷ்யாமளாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஷ்யாமளா தலையைக் குனிந்துகொண்டு தரையையே பார்த்தாள்.

"இதை நான் எடுத்துண்டு போறேன். ஆத்துல எல்லாருக்கும் காட்டணும். தை மாசம் பொண்ணோட சேர்த்து டில்லிக்குப் போகட்டும்" என்று சொல்லிச் சிரித்தாள் தர்மாம்பாள். சம்மதம் என்பதை அவள் அப்படிச் சொன்னாள். பஞ்சாபகேசன் எழுந்து கையைக் கூப்பினார்.

அவள் படியிறங்கிப் போன பிறகு ருக்கு கூடத்துக்கு வந்தாள்.

"மன்னி, அது எக்ஸிபிஷனுக்கு."

"தெரியும். பின்ன என்ன பண்ணச் சொல்றே? ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லட்டுமா? இதுக்கு முன்னாடியே ஆறு எடம் தட்டிப் போயாச்சு."

"அத்தை பின்னினதுன்னு சொல்லியிருக்கலாமே. அவ கத்துண்டு இருக்கான்னு சொல்லியிருக்கலாமே."

மன்னி பதில் சொல்வதற்குமுன் அண்ணாவைப் பார்த்தாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அத்தை யாருன்னு கேப்பா" என்றாள் மன்னி. "ஆம்படையான் எங்கேன்னு கேப்பா. என்ன சொல்லட்டும், நீயே சொல்லு."

"ஒரு ஸ்வெட்டர்தானே ருக்கு" என்றார் பஞ்சாபகேசன். "இன்னொண்ணு பண்ணிக்கலாம். பொண்ணுக்கு வாழ்வு வரது."

நூல் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. இருக்கிற ஐந்து வாரத்தில் எட்டு மாத வேலையை எப்படிச் செய்வது என்றும் கேட்கவில்லை. அன்று படுத்துக்கொள்ள வந்த ஷ்யாமளா, அத்தையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "நான் ஒண்ணுமே சொல்லலை அத்தை. அம்மாதான். கல்யாணம் ஆகட்டும், நானே அவா கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். சத்தியமா."

"சரி, தூங்கு" என்றாள் ருக்கு.

மிச்சம் மீதி நூலை வைத்து, கைக்குழந்தை அளவில் ஒரு குல்லாயும் ஜோடிக் காலுறையும் பின்னினாள். எக்ஸிபிஷன் அன்று காலையில் அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட ஹாலுக்குப் போனாள். பெயர் எழுதி வாங்கிக்கொண்ட பெண், ஓரத்து மேஜையில் ஒரு மூலையைக் காட்டினாள். குல்லாயை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ருக்கு அதைப் பார்த்தாள்.

நடு மேஜையில், மர ஹாங்கரில், அவள் ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே கெட்டி அட்டையில், 'குமாரி ஷ்யாமளா பஞ்சாபகேசன்' என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது. தர்மாம்பாள் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அவளும் சங்கத்தில் ஒரு மெம்பர் என்பது ருக்குவுக்கு அதுவரை தெரியாது.

பதினோரு மணிக்குள் ஹால் நிரம்பிவிட்டது. மன்னியும் ஷ்யாமளாவும் தர்மாம்பாளோடு சேர்ந்து வந்தார்கள். ருக்குவைப் பார்த்ததும் மன்னியின் முகம் வெளுத்தது. ஜட்ஜுகளாக வந்திருந்த மூன்று பேரும் நடு மேஜையை விட்டு நகரவே இல்லை. முதல் பரிசு என்று ஒரு சிவப்பு நாடாவைப் பொத்தான் துளையில் கட்டினார்கள். சுப்புலக்ஷ்மி மாமி அந்த நாடாவைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே ருக்குவிடம் வந்தாள். அவள் கையைப் பிடித்து நடு மேஜைக்கே இழுத்துக்கொண்டு போனாள்.

"இது உன் கைதானே? நான் அந்த சிவப்பு சதுரத்தைப் பாத்திருக்கேன். கடைசி வரியில ரெண்டு சங்கிலிப் பின்னல் விட்டுத் திரும்பற ஆள் இந்த மாட்டுங்காவுல நீ ஒருத்திதான். ஒரு வார்த்தை சொல்லு, போறும்."

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். தர்மாம்பாள் அந்தப் பக்கம் நின்று ருக்குவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷ்யாமளா அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் டாக்டரிடம் கூட்டிப்போனால் பிடித்துக்கொள்வாளே, அதே மாதிரி. இந்தப் பெண்ணின் கல்யாணம் இப்போது தன் நாக்கில் இருக்கிறது என்று ருக்கு நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள், வேறு மாதிரி நினைக்க அவளுக்குக் காரணம் இல்லை.

"இல்லை மாமி" என்றாள். "அவ பின்னினதுதான். அவளைப் பாத்துத்தான் நான் கத்துண்டேன்."

மாமி அவள் கையை விட்டாள். விடும்போது கொஞ்சம் தள்ளினாற்போலத்தான் இருந்தது. "அப்படியா, சரி" என்றாள்.

குமாரி ஷ்யாமளாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டபடியால் டீச்சர் வேலைக்கு இரண்டாம் பரிசுக்காரியை எடுத்துக்கொள்வதென்று கமிட்டி தீர்மானித்தது. பொன்னம்மா என்று ஒரு பெண், வடாலாவிலிருந்து வந்தவள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. ருக்கு மூன்று நாளும் சமையல் கட்டிலேயே இருந்தாள். ஷ்யாமளா டில்லிக்குப் போன பிறகு மாதம் ஒரு கடிதம் வந்தது. 'அத்தைக்கு நமஸ்காரம்' என்று கடைசி வரியில் இருக்கும். தர்மாம்பாளிடம் சொன்னதாக ஒரு கடிதத்திலும் இல்லை.

ஆவணியில் யுத்தம் முடிந்தது. கார்த்திகையில் வளைகாப்புக்கு ஷ்யாமளா பிறந்த வீட்டுக்கு வந்தாள். ஏழு மாதம். உடம்பு பூரித்து, பேச்சில் பாதி ஹிந்தி கலந்திருந்தது. தெருவில் வண்டியிலிருந்து இறங்கும்போதே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டிருந்தாள். பம்பாய்க் கார்த்திகைக்கு ஸ்வெட்டர் எதற்கு? வியர்வையில் கழுத்து நனைந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"இந்தச் சிவப்பு என்னோட குல்லா. இந்தப் பச்சை அப்பாவோட மப்ளர்" என்று அவள் ஒவ்வொரு சதுரமாகத் தொட்டுக் காட்டினாள். "கறுப்புக்குத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன். பாத்திரக்காரி கிட்ட ஒரு புடவையையே குடுத்து வாங்கினேன்னா பாத்துக்கோங்கோ. அவ என்னைப் பாகல்னு சொன்னா!"

எல்லாரும் சிரித்தார்கள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்ற ருக்குவுக்கு, அவள் பொய் சொல்கிறாள் என்றுகூடத் தோன்றவில்லை. குரலில் அப்படி ஒரு நிச்சயம். புடவையைக் கொடுத்ததும், பாத்திரக்காரி சிரித்ததும், எல்லாம் தனக்கே நடந்ததாக அந்தப் பெண் நம்பத் தொடங்கியிருந்தாள்.

மத்தியானம் ஷ்யாமளா ஒரு பெரிய மூட்டையைக் கொண்டுவந்து அத்தையின் பாயில் போட்டாள். அவிழ்த்தால் புது நூல். சாந்தினி சௌக்கில் வாங்கினது. ஊதா, ரோஜா நிறம், ஆகாய நீலம். கடைக் காகிதம்கூடப் பிரிக்கவில்லை.

"நாத்தனாருக்கு ஒண்ணு, மாமியாரோட தங்கைக்கு ஒண்ணு. கேட்டுண்டே இருக்கா அத்தை, எத்தனை நாள்தான் சாக்கு சொல்றது? குழந்தை பொறந்து நான் திரும்பிப் போறதுக்குள்ள ரெண்டையும் முடிச்சுக் குடுத்துடுங்கோ. நீங்க எப்படியும் இங்க சும்மாதானே இருக்கேள்."

"சொல்லிடறேன்னு சொன்னியே ஷ்யாமு."

ஷ்யாமளா கொஞ்ச நேரம் நூல்கண்டை உருட்டினாள். "இனிமே என்னத்தைச் சொல்றது? எல்லாம் பழசாயாச்சு. அன்னிக்கு எக்ஸிபிஷன்ல அத்தனை பேர் முன்னாடி நீங்களே ஒத்துண்டேளே. நான் இப்போ மாத்திச் சொன்னா உங்களைத்தானே பொய்க்காரின்னுவா?" பிறகு அத்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "உங்க கை பட்டதுன்னு தெரிஞ்சா அவா தொடக்கூட மாட்டா அத்தை. அவாத்துல ரொம்பப் பாக்கறா. தெரியாம இருக்கறதுதான் உங்களுக்கும் மரியாதை."

ருக்கு மூட்டையைப் பழையபடி கட்டி, பெட்டிமேல் வைத்தாள்.

வளைகாப்பு அன்று கூடம் நிறையப் பெண்கள். ஷ்யாமளா மணையில் கறுப்புப் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தர்மாம்பாள் முதல் வளையலை அடுக்கினாள். சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து அடுக்கினார்கள். ருக்கு சித்ரான்னத் தட்டுகளை வாசற்படி வரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"இனிமே மூணு மாசம் சும்மாதானே உக்காந்திருக்கப் போறா" என்றாள் யாரோ ஒரு மாமி. "குழந்தைக்கு அவளே ஒரு ஸ்வெட்டர் பின்னிடுவா. என்ன கை, அந்தக் கை!"

ருக்கு கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ரோஜா நிற நூல்கண்டும் குரோஷா ஊசியும் இருந்தன. கூடத்தின் நடுவில் வந்து, மணைக்கு முன்னால் நின்று, இரண்டையும் ஷ்யாமளாவின் மடியில் போட்டாள்.

"பின்னு" என்றாள். "எல்லாரும் பாக்கட்டும். ஒரே ஒரு சதுரம்."

"ருக்கு!" என்றாள் மன்னி.

ஷ்யாமளா ஊசியை எடுத்தாள். வளையல்கள் குலுங்கின. ஊசியைக் கரண்டி பிடிக்கிற மாதிரிப் பிடித்திருந்தாள். நூலை ஒரு சுற்று சுற்றினாள். அது வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடி சுற்றினாள். அவள் கண்ணிலிருந்து பொட்டுப் பொட்டாக நூல்கண்டின்மேல் விழுந்தது. பிள்ளைத்தாய்ச்சியை அழவைத்துவிட்டாளே என்று யாரோ முணுமுணுத்தார்கள். ருக்கு தர்மாம்பாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது எழுந்திருப்பாள், கத்துவாள், ஏமாற்றிவிட்டீர்கள் என்பாள்.

தர்மாம்பாள் குனிந்து, ஷ்யாமளாவின் மடியிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"நல்ல நாள்ல என்ன இது" என்றாள், சாதாரணமாக. "எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிண்டிருக்கேள்? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே இவ கையைப் பிடிச்சுப் பாத்தேன். ஏக்தம் வெண்ணெய் மாதிரி மெத்துன்னு இருந்தது. இவ்வளவு பின்னினவ விரல்ல நூல் ஓடின தடம் இருக்காதோ? அப்புறம் எக்ஸிபிஷன்ல உன் விரலைப் பாத்தேன், கணக்கு பராபர், சரியா சேந்துடுத்து. பொண்ணாத்துல ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்றது உலகத்துல இல்லாததா?"

ருக்கு ஒரு அடி முன்னால் வந்தாள். "தெரிஞ்சுண்டேவா அவ பேரைப் போட்டேள்?"

"வரப்போற மாட்டுப்பொண்ணுக்கு ஒரு பேர் கெடைச்சா நல்லதுதானேன்னு போட்டேன். நீ அன்னிக்கு வாயைத் திறந்து என்னுதுன்னு சொல்லியிருந்தா நான் என்ன கல்யாணத்தையா நிறுத்தியிருப்பேன்? சரின்னு சிரிச்சுட்டுப் போயிருப்பேன். சுப்புலக்ஷ்மி உன்னை அப்படிக் கேட்டாளே, நீதானே இல்லைன்னே." அவள் வளையல் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அடுத்தவா வாங்கோ, நாழியாறது."

அடுத்த மாமி எழுந்து வந்து பச்சை வளையலை அடுக்கினாள். யாரோ பாட்டு ஆரம்பித்தார்கள். ஷ்யாமளா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் சிரிக்கவும் தொடங்கினாள். ருக்கு இன்னும் கூடத்தின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ மாமி, மறைக்கறது" என்றாள் ஒரு சின்னப் பெண்.

அவளை அன்று யாரும் திட்டவில்லை. அண்ணா சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அதான் ஒண்ணும் ஆகலையே" என்றார். மன்னிக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி. "எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு, இனிமே ஒளிவு மறைவு வேண்டாம் பாரு. நன்னா வெளிச்சத்துல உக்காந்து அந்த ரெண்டையும் பின்னிக் குடுத்துடு" என்றாள்.

"முடியாது மன்னி."

"ஏன்?"

"முடியாது."

மன்னி அவளை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனாள். நூல் மூட்டையை ஷ்யாமளாவே எடுத்துக்கொண்டு போய்த் தன் பெட்டியில் வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் ருக்கு சங்கத்துக்குப் போனாள். போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. சுப்புலக்ஷ்மி மாமி ஜன்னலோரம் உட்கார்ந்து தபால் பார்த்துக்கொண்டிருந்தாள். ருக்கு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெண் பார்க்க வந்தது, பெட்டியைத் திறந்தது, நேற்று நடந்தது, ஒன்று விடாமல். மாமி தபாலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றாள் கடைசியில். "ஆனா நீ என் மூஞ்சியைப் பாத்து இல்லைன்னே. உனக்காகக் கமிட்டில நான் எத்தனை சண்டை போட்டிருந்தேன் தெரியுமா? நான் சொல்றது பொய்னு ஆயிடுத்து. அதுக்கப்புறம் நான் யாருக்காகப் பரிஞ்சு சொன்னாலும் சிரிக்கறா."

"தப்புதான் மாமி."

"இப்போ சொல்லி என்ன ஆகணும்? அந்தப் பொண்ணு ஒழுங்கா நடத்திண்டு இருக்கா. அவளைப் போன்னு சொல்ல முடியுமா?"

"அதுக்கு வரலை."

"பின்ன எதுக்கு வந்தே?"

ருக்கு உள் ஹால் பக்கம் திரும்பினாள். மாமி அடுத்த உறையைக் கிழித்தாள்.

உள் ஹாலில் கிளாஸ் நடந்துகொண்டிருந்தது. வாசற்படியில் நின்று ருக்கு பார்த்தாள். பன்னிரண்டு பெண்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். பொன்னம்மா ஒருத்தியிடமிருந்து இன்னொருத்தியிடம் நகர்ந்து நகர்ந்து பார்த்தாள். இருபது வயது இருக்கும். நூலை ரொம்ப இறுக்கிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாள். எல்லார் கையிலும் சதுரங்கள் கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தன. ஒரு பெண் அதை உள்ளங்கையால் அமுக்கி அமுக்கித் தட்டையாக்கப் பார்த்தாள். விட்டதும் அது மறுபடி மடங்கிக்கொண்டது.

பொன்னம்மா தலையைத் தூக்கினாள். நல்ல பெண். உடனே எழுந்து, சுவரோரம் இருந்த முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

"வாங்கோ மாமி, உக்காருங்கோ. புதுசா சேர வந்திருக்கேளா?"

"இல்லைம்மா" என்றாள் ருக்கு. "ஒருத்தரைப் பாக்க வந்தேன். பாத்தாச்சு."

வெளியே வெயில் இறங்கவில்லை. மூன்று மணிக்கு ஷ்யாமளாவுக்குக் கஞ்சி வைக்க வேண்டும். டிராம் திரும்புகிற இடத்தில் கூட்டமாக இருந்தது. அவள் ஓரமாக ஒதுங்கி, தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தாள்.